ஏசாயாவை எழுதியது யார்? எபிரேயத் தீர்க்கதரிசன நூல்கள் உருவான விதம்

ஏசாயா புத்தகத்தை எழுதியது யார் என்று கேட்டால், "இதென்ன கேள்வி, ஏசாயாதான்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். யூத மரபு சொல்லும் பதில் வேறு. யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் பாபா பத்ரா என்ற பகுதி, வேத நூல்களை யார் யார் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. எரேமியா தன் நூலைத் தானே எழுதினார். ஏசாயாவை எழுதியவர்கள் எசேக்கியா ராஜாவும் அவருடைய கூட்டத்தாரும். எசேக்கியேலையும் பன்னிரு சிறிய தீர்க்கதரிசிகளையும் எழுதியவர்கள் யூத மரபு சொல்லும் பழைய அறிஞர் குழுவான 'பெரிய சபை'யைச் சேர்ந்தவர்கள். சொன்னவர் ஒருவர், எழுதி வைத்தவர் இன்னொருவர் என்பதில் அந்தப் பழைய ரபிகளுக்குச் சங்கடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நமக்குத்தான் 'ஒரு புத்தகம், ஓர் ஆசிரியர்' என்ற அச்சுக்காலப் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

ஆகவே 'யார் எழுதியது' என்ற கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொன்னவர் யார்? சுருளில் எழுதியவர் யார்? அவற்றைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, தலைப்பு போட்டவர் யார்? மூன்றுக்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கலாம், சில நூற்றாண்டுகளும் இருக்கலாம். புறநானூறு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பாட்டு ஒரு காலம், தொகுப்பு ஒரு காலம், பாட்டின் கீழே நிற்கும் திணை துறைக் குறிப்பு இன்னொரு கை.

எவை இந்த நூல்கள்?

தமிழ் பைபிளில் ஏசாயா முதல் மல்கியா வரை உள்ள 17 புத்தகங்களைத் தீர்க்கதரிசன ஆகமங்கள் என்கிறோம். கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இவர்கள் 'இறைவாக்கினர்கள்'. ஏசாயா அங்கே எசாயா. இந்தக் கட்டுரையில் பழைய மொழிபெயர்ப்பின் பெயர்களையே வைத்துக்கொள்வோம்.

எபிரேய பைபிளின் அடுக்கு வேறு. அதில் 'நெவீம்', அதாவது தீர்க்கதரிசிகள், என்ற இரண்டாம் பிரிவு இரண்டு பாகமாக இருக்கிறது. முந்தைய பாகத்தில் யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல், ராஜாக்கள் என நாம் வரலாறு என்று படிக்கும் நூல்கள். பிந்தைய பாகத்தில் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிருவர் என நான்கு சுருள்கள். ஓசியா முதல் மல்கியா வரையிலான பன்னிருவரும் ஒரே சுருளில் அடக்கம். 'சிறிய' தீர்க்கதரிசிகள் என்பது தகுதியைக் குறிக்கவில்லை, நீளத்தைக் குறிக்கிறது. ஒபதியா முழுவதும் 21 வசனங்கள்தான். புலம்பலும் தானியேலும் இந்தப் பிரிவிலேயே இல்லை. அவை மூன்றாம் பிரிவான 'கெத்துவீம்' என்ற எழுத்துகளில் உள்ளன. தானியேல் ஏன் அங்கே போனது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

பேச்சு முதலில், எழுத்து பிறகு

'நாபி' என்ற எபிரேயச் சொல்லை 'தீர்க்கதரிசி' என்று பெயர்த்ததும், வருங்காலம் சொல்பவர் என்ற படம் மனதில் விழுந்துவிடுகிறது. ஆனால் இந்த நூல்களில் பெரும்பகுதி நிகழ்காலத்தைப் பற்றியது: நிலத்தோடு நிலம் சேர்த்துக்கொள்ளும் பணக்காரர், கள்ளத் தராசு, லஞ்சம் வாங்கும் நியாயாதிபதி, எகிப்தோடு சேர்வதா பாபிலோனுக்குப் பணிவதா என்ற அரசியல். 'கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்' என்று தொடங்கும் வாசகம், ஓர் அரசனின் தூதன் இன்னோர் அவையில் நின்று செய்தியை ஒப்பிக்கும் பாணி. தீர்க்கதரிசி தன்னைத் தூதனாகவே நிறுத்திக்கொள்கிறார்.

இப்படிப் பேசியவர்கள் இஸ்ரவேலில் மட்டும் இருக்கவில்லை. யூப்ரடீஸ் கரையிலுள்ள மாரி நகரின் அரண்மனையில், கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. இன்ன ஆள் தெய்வத்தின் பெயரால் இன்னது சொன்னான் என்று அதிகாரிகள் அரசனுக்கு அனுப்பிய கடிதங்கள் அவற்றில் உண்டு. சில கடிதங்களோடு, சொன்னவரின் தலைமுடிக் கற்றையும் ஆடையின் விளிம்பும் சான்றாக அனுப்பப்பட்டன. சொல்பவர் ஒருவர், அதை எழுதுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு அங்கேயே தெரிகிறது.

வாய்மொழியின் தடம் எபிரேயத்தில் நன்றாகக் கேட்கும். ஆமோஸ் 8இல் கர்த்தர் ஒரு கூடை கோடைக்காலப் பழத்தைக் காட்டி, 'முடிவு வந்தது' என்கிறார். தமிழில் படித்தால் பழத்துக்கும் முடிவுக்கும் என்ன தொடர்பு என்று புரியாது. எபிரேயத்தில் பழம் 'காயிட்ஸ்', முடிவு 'கேட்ஸ்'. காதுக்காகச் செய்யப்பட்ட சொல் விளையாட்டு அது.

பின்னணியில் மூன்று பேரரசுகள்

ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த வரிசை தெரியாமல் ஒரு அதிகாரத்தைக்கூட அதன் இடத்தில் வைக்க முடியாது. சாலொமோனுக்குப் பிறகு ராஜ்யம் இரண்டாயிற்று: வடக்கே சமாரியாவைத் தலைநகராகக் கொண்ட இஸ்ரவேல், தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரியா மேற்கே பெருகியது. ஆமோஸ், ஓசியா, ஏசாயா, மீகா நால்வரும் அந்த நிழலில் பேசியவர்கள். கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்தது. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் புகுந்தான். 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், யூதாவின் ராஜா எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல அடைத்ததாகவும் அவனே எழுதி வைத்திருக்கிறான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் எழுதவில்லை. கி.மு. 612இல் அசீரியாவின் நினிவே விழுந்தது. அடுத்து பாபிலோன்: கி.மு. 597இல் முதல் சிறையிருப்பு (மக்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனது), 586இல் எருசலேமும் ஆலயமும் தரைமட்டம். எரேமியாவும் எசேக்கியேலும் இந்தக் காலத்தவர்கள். கி.மு. 539இல் பாரசீகத்தின் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான், யூதர் திரும்பலாயினர். ஆகாயும் சகரியாவும் தரியு ராஜாவின் இரண்டாம் ஆண்டில், கி.மு. 520இல், ஆலயத்தைக் கட்டத் தூண்டினார்கள், கி.மு. 515இல் வேலை முடிந்தது.

எரேமியா: ஒரு சுருள் எரிந்த கதை

புத்தகம் எப்படி உருவாகிறது என்பதைப் பைபிளே உள்ளே அழைத்துச்சென்று காட்டும் இடம் எரேமியா 36. புதிதாகப் படிப்பவர்கள் இந்த ஒரு அதிகாரத்தை நிதானமாகப் படிப்பது நல்லது.

எரேமியா பேசத் தொடங்கியது யூதா ராஜா யோசியாவின் 13ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 627இல். பின்வந்த ராஜா யோயாக்கீமின் நான்காம் ஆண்டான 605இல்தான் எழுதும்படி கட்டளை வருகிறது. இடையே 23 ஆண்டுகள் (எரேமியா 25:3 இந்த எண்ணை அப்படியே சொல்கிறது). அதுவரை எல்லாம் நினைவிலும் வாயிலும்தான். ஏன் 605? அந்த ஆண்டில்தான் கர்கேமிசில் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எகிப்தியப் படையை முறியடித்தான். யோயாக்கீமோ எகிப்து உட்காரவைத்த ராஜா. வடக்கிலிருந்து வரும் தீங்கு என்று எரேமியா சொல்லிக்கொண்டிருந்ததற்கு அன்று ஒரு முகம் கிடைத்தது.

எரேமியா சொல்லச் சொல்ல, பாருக் என்ற எழுத்தர் சுருளில் மையினால் எழுதுகிறார். மறு ஆண்டு ஒன்பதாம் மாதத்தில் உபவாச நாள். ஆலயத்துக்குள் போக எரேமியாவுக்குத் தடை இருந்ததால், பாருக் போய் சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து வாசிக்கிறார். பாபிலோனிய நாளாகமப் பலகையைப் பார்த்தால், அதே குளிர்கால மாதத்தில்தான் நேபுகாத்நேச்சார் பெலிஸ்தரின் அஸ்கலோனைப் பிடித்திருக்கிறான். உபவாசத்துக்குக் காரணம் அந்தச் செய்தியாகவே இருந்திருக்கலாம். சுருள் கடைசியில் ராஜாவிடம் போகிறது. மூன்று நான்கு பத்தி வாசித்ததும், ராஜா சூரிக்கத்தியால் அறுத்துக் கணப்பில் போடுகிறான். அப்படியே முழுச் சுருளும் சாம்பல். எரேமியா இன்னொரு சுருளை எடுத்துப் பாருக்கிடம் மறுபடி சொல்கிறார். அதிகாரத்தின் கடைசி வசனத்தைக் கவனிக்க வேண்டும்: பழைய வார்த்தைகளோடு, அவற்றுக்கொத்த அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன. தீர்க்கதரிசி உயிரோடிருக்கும்போதே நூலுக்கு இரண்டாம் பதிப்பு, அதுவும் விரிவுபடுத்திய பதிப்பு.

அது அங்கே நிற்கவில்லை. நம் கையில் இன்று இரண்டு எரேமியாக்கள் இருக்கிறார்கள். தமிழ் பைபிள் பின்பற்றுவது மசோரா பாடம் எனப்படும் மரபு எபிரேயப் பாடம். எழுபதின்மர் பெயர்ப்பு என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் எரேமியா ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. 33:14–26 அதில் இல்லவே இல்லை. எபிரேயத்தில் 46 முதல் 51 வரை கடைசியில் நிற்கும் அந்நிய ஜாதிகளுக்கு எதிரான வாக்குகள், கிரேக்கத்தில் 25ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே, வேறு வரிசையில், தொடங்கிவிடுகின்றன. மொழிபெயர்த்தவர் சோம்பேறித்தனமாகச் சுருக்கிவிட்டார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் கிடைத்த துண்டுகள் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தன. அங்கே குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகும் எபிரேயத் துண்டுகளும் உண்டு, நீண்ட வடிவத்தை ஒத்த துண்டுகளும் உண்டு. ஆக, இரண்டு வடிவமும் எபிரேயத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் புழங்கியிருக்கின்றன. குறுகியதே முந்தையது என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. நீண்டதில் கூடியிருப்பவை பலவும் விளக்கச் சொற்கள்: இன்னாரின் மகன், தீர்க்கதரிசியாகிய, பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் என்பன போல. அடைமொழியை வெட்டுகிறவரைவிடச் சேர்க்கிறவரே அதிகம். எந்த மொழியிலும் எழுத்தரின் சுபாவம் அதுதான்.

நூலுக்குள்ளேயே ஒட்டுத் தெரியும் இடம் 51ஆம் அதிகாரத்தின் கடைசி: 'எரேமியாவின் வசனங்கள் இவ்வளவோடே முடிந்தது' என்ற பொருளில் ஒரு வரி. அதற்குப் பிறகும் 52ஆம் அதிகாரம் இருக்கிறது! அது ஏறக்குறைய அப்படியே 2 ராஜாக்கள் நூலின் கடைசிப் பகுதி. யாரோ ஒருவர், வாக்கு எப்படிப் பலித்தது என்று காட்ட, வரலாற்றுச் சுருளிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்.

தொல்பொருள் இந்த இடத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறது. 1982இல் எருசலேமின் தாவீதின் நகர அகழாய்வில், எரிந்த வீடொன்றில் களிமண் முத்திரைகள் கிடைத்தன. சுருள்கள் தீயில் போயின, அவற்றைக் கட்டிய களிமண் அதே தீயில் சுட்டு இறுகிப் பிழைத்துக்கொண்டது. ஒன்றில் 'சாப்பானின் மகன் கெமரியா' என்று இருக்கிறது. இன்னொரு முத்திரையும் அடிக்கடி பகிரப்படும்: 'நேரியாவின் மகன் பாருக், எழுத்தர்'. இதில் கவனம் தேவை. அது அகழாய்வில் கிடைத்ததல்ல, பழம்பொருள் சந்தையில் வந்தது. 1978இல் வெளியானபோது கொண்டாடப்பட்டது. பின்னர் பரிசோதித்தவர்கள் நவீனப் போலி என்றே சொல்லியிருக்கிறார்கள். மண்ணிலிருந்து எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரியாத பொருளை வைத்து வாதம் கட்டினால், வாதம் எந்நேரமும் சரியலாம்.

ஏசாயா: 39க்கும் 40க்கும் நடுவே

ஏசாயாவில் 66 அதிகாரங்கள். முதல் 39இல் எதிரி அசீரியா, ராஜாக்கள் ஆகாஸும் எசேக்கியாவும், ஏசாயா பெயர் சொல்லி வருகிறார். 40ஐத் திறந்ததும் காற்றே மாறுகிறது. எருசலேம் ஏற்கனவே பாழாகக் கிடக்கிறது, ஜனங்கள் பாபிலோனில் இருக்கிறார்கள், 'பாபிலோனிலிருந்து புறப்படுங்கள்' என்ற குரல் கேட்கிறது, 44:28இலும் 45:1இலும் கோரேஸ் பெயரோடு நிற்கிறான். ஏசாயா என்ற பெயர் அதன்பின் ஒரு தடவைகூட வரவில்லை. 56 முதல் 66 வரை மறுபடி வேறு சூழல்: திரும்பி வந்தவர்கள், அவர்களுக்குள் ஆலயத்தையும் ஓய்வுநாளையும் பற்றிய சச்சரவு.

12ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினில் பிறந்த யூத உரையாசிரியர் இபன் எஸ்ரா இதைப் பூடகமாகத் தொட்டுவிட்டுப் போனார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர்கள் 40க்குப் பிந்தியதைத் தனியாகப் பிரித்தார்கள். 1892இல் பெர்ன்ஹார்ட் டூம் என்ற அறிஞர் அதையும் பிரித்து, 40–55, 56–66 என்று வேறுபடுத்தினார். முதல், இரண்டாம், மூன்றாம் ஏசாயா என்ற வழக்கு இப்படி வந்தது.

தீர்க்கதரிசிக்கு 150 ஆண்டு கழித்து வருபவனின் பெயர் தெரியக்கூடாதா என்று கேட்பார்கள். நம்பிக்கையின் தளத்தில் அது நியாயமான கேள்வி. ஆனால் வாதத்தின் கனம் பெயரில் இல்லை. 40–55 சிறையிருப்பை 'வரப்போகிறது' என்று எங்கும் அறிவிக்கவில்லை. அது நடந்துமுடிந்த துயரம் என்று எடுத்துக்கொண்டு, விடுதலையை மட்டுமே புதியதாக அறிவிக்கிறது. எருசலேம் செழிப்பாக இருந்த நாளில் அங்கே நின்ற கூட்டத்துக்கு இந்தப் பேச்சு எதுவும் புரிந்திருக்காது.

ஒருவரே எழுதினார் என்பவர்களிடமும் வெறுங்கை இல்லை. 'இஸ்ரவேலின் பரிசுத்தர்' என்ற தொடர் ஏசாயாவில் சுமார் 25 தடவை வருகிறது, இரு பாதியிலும் ஏறக்குறைய சமமாக. பைபிளின் மற்ற இடங்களில் அது அரிது. ஆனால் இது ஒரே ஆளைக் காட்டுவதைவிட, ஆசானின் சொல்லை விடாமல் பற்றிக்கொண்ட சீடர் பரம்பரையைக் காட்டுவதாகக் கொள்வதே பொருத்தம். 8:16 போதனையைச் சீடர்களுக்குள் கட்டி முத்திரையிடச் சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடிக்கடி காட்டப்படும் இன்னொரு சான்று, 1947இல் கும்ரானில் கிடைத்த பெரிய ஏசாயாச் சுருள். ஏழு மீட்டருக்கு மேல் நீளம், தோல், 54 பத்திகள், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. அதில் 40ஆம் அதிகாரம் 32ஆம் பத்தியின் கடைசி வரியில், எந்தப் பெரிய இடைவெளியும் இல்லாமல் தொடங்குகிறது. 'பார்த்தீர்களா, ஒரே நூல்' என்பார்கள். சுருள் எழுதப்பட்ட காலத்தில் அது ஒரே நூலாக இருந்தது என்பதே அதற்குப் பொருள். பாபிலோன் விழுந்து அப்போது 400 ஆண்டு ஆகியிருந்தது. அதற்கு முன் நடந்ததைப் பற்றி அந்தச் சுருள் வாய் திறக்கவில்லை.

காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எளிய உதாரணம் நாகூம். 3:8இல் எகிப்தின் நோ அம்மோன், அதாவது தீப்ஸ், விழுந்ததை நடந்துமுடிந்த செய்தியாகச் சொல்கிறார். அது கி.மு. 663. நூல் முழுவதும் நினிவேயின் அழிவை எதிர்நோக்குகிறது. அது 612. ஆகவே நாகூம் இந்த இரண்டுக்கும் நடுவே. மேல் எல்லை, கீழ் எல்லை என்ற இந்த இரண்டு ஆணிகளை அடிப்பதுதான் முறை. எசேக்கியேலில் வேலை இன்னும் சுலபம், வாக்குகளுக்குத் தேதியே போட்டிருக்கிறார். யோயாக்கீன் ராஜா சிறைப்பட்ட ஆண்டை முதலாகக் கொண்ட கணக்கு அது. ஐந்தாம் ஆண்டு என்றால் கி.மு. 593. அந்த யோயாக்கீனுக்கு எண்ணெய் அளந்து கொடுத்த கணக்குப் பலகை பாபிலோன் அரண்மனையிலேயே கிடைத்திருக்கிறது.

தலைப்பு வசனத்தை மட்டும் நம்பினால் சறுக்கும். 'ஆமோஸ் நிலநடுக்கத்துக்கு இரண்டு வருஷத்துக்குமுன் கண்ட வார்த்தைகள்' என்ற வரியை நிலநடுக்கம் நடந்தபின்தான் ஒருவர் எழுத முடியும். தலைப்பு தொகுத்தவருடையது. மல்கியா என்பதற்கு 'என் தூதன்' என்று பொருள். 3:1இல் அதே சொல் வருகிறது, ஆகவே அது ஆளின் பெயர்தானா என்பதே சந்தேகம். யோனாவில் இன்னொரு சிக்கல். 2 ராஜாக்கள் 14:25 சொல்லும் யோனா 8ஆம் நூற்றாண்டு ஆள், ஆனால் அவரைப் பற்றிய புத்தகம் மிகவும் பிந்தியது. அது வாக்குகளின் தொகுப்பே அல்ல, ஒரு கதை.

இப்போது தானியேல். 11ஆம் அதிகாரம் கிரேக்க ராஜாக்களின் சண்டைகளைப் படிப்படியாகச் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்து, கி.மு. 167இல் அவர்களில் ஒருவனான நான்காம் அந்தியோகஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியதுவரை பிசகாமல் வருகிறது. அதன்பின் அவன் பரிசுத்த பர்வதத்துக்கு அருகே முடிவடைவான் என்கிறது. அவன் செத்தது பாரசீகப் பக்கம், 164இல். துல்லியம் நின்றுபோகும் புள்ளியே எழுதிய காலத்தைக் காட்டுகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்பிரி என்ற தத்துவவாதி இதைச் சொல்லிவிட்டார். கி.மு. 180 வாக்கில் எழுதிய யூத ஞானி பென் சீரா, ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், பன்னிருவர் என்று வரிசையாகப் புகழ்கிறார், தானியேலைச் சொல்லவில்லை. தீர்க்கதரிசிகளின் பட்டியல் மூடியபின் வந்த நூல் என்றால், எபிரேய பைபிளில் அது மூன்றாம் பிரிவில் இருப்பது வியப்பில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ஏசாயா 1:1இலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் 15ஆம் அதிகாரத்துக்குள் களைத்துவிடுவார்கள். அச்சிட்ட வரிசை கால வரிசையல்ல. முதலில் ஆமோஸ், ஒன்பது அதிகாரம், ஒரே மாலையில் முடியும். 7ஆம் அதிகாரத்தில் 'நான் கண்டேன்' என்று தரிசனங்கள் வருகின்றன, நடுவே பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா ஆமோஸை விரட்டும் சம்பவம் 'அவன்' என்று படர்க்கையில் நுழைகிறது, 8இல் மறுபடி தரிசனம். ஒட்டு எங்கே என்று கண்ணுக்கே தெரியும். அடுத்து எரேமியா 26. அங்கே மூப்பர்கள், சுமார் நூறு ஆண்டுக்கு முந்திய மீகாவின் ஒரு வாக்கை ஆள் பெயரோடு மேற்கோள் காட்டி எரேமியாவின் உயிரைக் காக்கிறார்கள். அது இன்றும் மீகா 3:12இல் இருக்கிறது. பிறகு 36.

அதிகார எண்ணும் சில இடங்களில் குழப்பும். எபிரேயத்தில் யோவேல் நான்கு அதிகாரம், புராட்டஸ்டண்ட் தமிழ் பைபிளில் மூன்று. மல்கியா அங்கே மூன்று, இங்கே நான்கு. அதிகாரப் பிரிவே 13ஆம் நூற்றாண்டில் வந்ததுதான்.

கொஞ்சம் பழகியபின் ஏசாயா 2:2–4ஐயும் மீகா 4:1–3ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிக்கும் அதே வாக்கு, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், இருவர் பெயரிலும் இருக்கிறது. ஏசாயா சொன்னதா, மீகா சொன்னதா, இருவரும் வேறொரு பழைய பாட்டிலிருந்து எடுத்ததா, தொகுத்தவர் இரண்டு சுருளிலும் சேர்த்ததா? நான்கு விடைக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள்.